பரணில் கிடக்கும் டெக்கை எடைக்குப் போடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் இணைப்பிதழில், பழைய வீடியோ கேசட்டுகளை வீட்டிலேயே கணினியில் ஏற்றிக்கொள்வது எப்படி என்று ஒரு துணுக்கு வந்திருந்தது. கடையில் கிடைக்கும் யூஎஸ்பி குச்சி ஒன்றை வாங்கி, மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர்களை டெக்கில், அதாவது கேசட் ஓட்டும் பெட்டியில் மாட்டி, மறுமுனையைக் கணினியில் செருகினால் ‘பத்தே நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்’ என்று எழுதியிருந்தார்கள். அந்தத் துணுக்கைக் கத்தரித்துக் கையில் பிடித்துக்கொண்டு இந்த ஒரு வாரத்துக்குள் நான்கு பேர் என் வீட்டுப் படியேறிவிட்டார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் அந்தப் பத்து நிமிடம். மூன்று மணி நேரக் கேசட்டைக் கணினியில் ஏற்ற மூன்று மணி நேரம் ஆகும். குறுக்கு வழி கிடையாது. டெக்கில் கேசட் ஓட வேண்டும். ஓடும்போது வெளியே வருகிற படத்தையும் சத்தத்தையும் கணினி கூடவே உட்கார்ந்து எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு பென் டிரைவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதுபோல இதை நினைத்துக்கொண்டு வருகிறவர்களிடம் நான் ஒன்று சொல்வதுண்டு: பழைய ஓலைச் சுவடியைப் பார்த்து நோட்டில் எழுதுகிற வேலை இது, வாசிக்கிற வேகத்துக்குத்தான் எழுத முடியும். பூஞ்சை பார்ப்பது, சுற்றிவிடுவது, நாடாவை வாசிக்கிற ஹெட்டைத் துடைப்பது எல்லாம் சேர்த்தால் கேசட் ஒன்றுக்கு அரை நாள் போய்விடும்.

நான் தூத்துக்குடியில் 1981 முதல் 28 ஆண்டுகள் ரேடியோ, டிவி, டெக் பழுது பார்த்தவன். தூர்தர்ஷன் எங்களை எட்டிப்பார்க்காத அந்த நாளில் இலங்கையின் ரூபவாகினிதான் எங்களுக்கு டிவி. 1982 பிப்ரவரியில் அது தொடங்கிய பிறகு, மொட்டை மாடிகளில் இரும்புக் குழாயை நட்டு, ஆன்டெனாவைக் கடல் பக்கம் திருப்பி, கீழே இருப்பவர் “தெரிகிறது, தெரிகிறது, அசைக்காதீர்கள்” என்று கத்தும் வரை குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற ஆள் நான். பிறகு டெக் வந்தது. கப்பலில் வேலை பார்த்தவர்களும் துபாயில் இருந்தவர்களும் அட்டைப் பெட்டியோடு கொண்டுவந்து இறக்கினார்கள். ஒரு ராத்திரிக்கு ஒரு டெக், ஒரு கலர் டிவி, மூன்று படக் கேசட் என்று வாடகைக்கு எடுத்துத் தெருவே விடிய விடியப் பார்க்கும். விடிந்ததும் அந்த டெக் என் மேசைக்கு வந்துவிடும், ஹெட்டில் அழுக்கு ஏறி, படம் முழுக்கப் புள்ளியாக.

இவ்வளவும் சொல்வது பெருமைக்காக அல்ல. டெக்கின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரியும் என்று சொல்லத்தான். ஏனென்றால் அந்தத் துணுக்கு முழுவதும் குச்சியைப் பற்றி இருந்தது. டெக்கைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இன்றைக்குக் குச்சி எந்த மூலைக் கடையிலும் கிடைக்கிறது. ஒழுங்காக ஓடுகிற டெக் கிடைப்பதுதான் கஷ்டம்.

என் அக்கா கோவில்பட்டியில் இருக்கிறார். அவருடைய மூத்த மகளுக்கு 1994-இல் கல்யாணம். அந்தக் கேசட்டை ஒரு கடையில் கொடுத்துப் பென் டிரைவில் வாங்கி, தை மாதம் இங்கே வந்தபோது கொண்டுவந்தார். பெரிய டிவியில் செருகிப் போட்டோம்.

“தம்பி, எல்லோரும் ஏன் இப்படி வீங்கிப் போயிருக்கிறார்கள்?” என்றார் அக்கா.

உண்மைதான். மணப்பெண்ணின் முகம் பூசணிக்காய்போல இருந்தது. மாப்பிள்ளை உயரம் குறைந்து, தவில்காரரின் தவில் நீள்வட்டமாகி, மண்டபத் தூண்களெல்லாம் உரல்போல நின்றன. யாராவது கையை ஆட்டினால் கையின் விளிம்பில் சீப்பின் பற்கள்போலக் கோடு கோடாகத் தெரிந்தது. அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். முகூர்த்தம் வந்தது. மாப்பிள்ளை தாலியைக் கட்டினார், மூன்றாவது முடிச்சை நாத்தனார் போட்டார், அட்சதை விழுந்து ஓய்ந்தது, புகைப்படக்காரர் எல்லோரையும் நிமிரச் சொல்லிக் கையைக் காட்டினார். அப்போதுதான் “கெட்டிமேளம், கெட்டிமேளம்” என்று ஐயரின் குரல் கேட்டது. 

அக்கா சிரித்துவிட்டார். அப்புறம் சிரிக்கவில்லை. ஏனென்றால் அந்தக் கேசட்டில் அத்தான் பேசுகிற இடம் ஒன்று உண்டு. பந்தியில் நின்றுகொண்டு, “பாயசத்தை முதல் வரிசையிலேயே தீர்த்துவிடாதீர்கள்” என்று சொல்வார். அத்தான் போய் ஒன்பது வருடம் ஆகிறது. கடை கொடுத்த பென் டிரைவில் அவர் வாயைத் திறந்து மூடி, கேமரா வேறு பக்கம் திரும்பிய பிறகு, யாரோ ஒரு பாட்டி இலையில் உப்பு வைக்கும்போது அவர் குரல் வருகிறது.

இந்த மூன்று கோளாறுக்கும் காரணம் தனித்தனி. தங்கள் வாசகர்களுக்குப் பயன்படும் என்பதால் சொல்கிறேன்.

முகம் வீங்கியது அளவுக் கோளாறு. பழைய டிவியின் திரை, அகலமும் உயரமும் நான்குக்கு மூன்று. இன்றைய டிவி பதினாறுக்கு ஒன்பது. சின்னப் படத்தைப் பெரிய திரை முழுக்க இழுத்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழுந்தால் விழட்டும், அதுதான் சரி. கணினியில் ஓபிஎஸ் என்ற இலவச மென்பொருளை வைத்துப் பதிகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அது பெரும்பாலும் அகலத் திரைக்கும் வினாடிக்கு 30 படத்துக்கும் தயாராக இருக்கும். நம் நாட்டுக் கேசட்டுகள் ‘பால்’ (PAL) என்ற டிவி முறையில் பதிந்தவை. 625 கோடு, வினாடிக்கு 25 படம். 25-ஐ 30-ஆக்கச் சொன்னால் அது வினாடிக்கு ஐந்து படத்தை இரண்டு தடவை காட்டித்தான் கணக்கைச் சரிக்கட்டும். நடந்து வருகிறவர் திக்கித் திக்கி வருவார்.

சீப்புப் பல்லுக்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அந்தக் கால வீடியோவில் வினாடிக்கு 25 முழுப் படம் என்பது 50 அரைப் படம்தான். ஒற்றை வரிகள் ஒரு தடவை, இரட்டை வரிகள் மறு தடவை. பழைய பிக்சர் டியூப் அப்படியே ஒன்று விட்டு ஒன்று வரைந்துகொண்டு போகும், கண்ணுக்குத் தெரியாது. கணினி இரண்டையும் ஒரே படமாக ஒட்டிவிடுகிறது. இடையில் ஐம்பதில் ஒரு வினாடிக்குள் கை நகர்ந்துவிட்டதே, அந்த வித்தியாசம்தான் பல்லாகத் தெரிகிறது. இதைப் பிறகு மென்பொருளில் சரிசெய்துகொள்ளலாம். ஆனால் முதல் பிரதியை அரைப் படங்களோடு அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். கடைக்காரர்கள் அதைப் பாழாக்கிய பிறகு மீட்க வழியில்லை.

கெட்டிமேளம் பிந்தியதுதான் பெரிய கோளாறு. வினாடிக்கு 25 படம் என்றேன். வழியில் 250 படம் தவறிப்போனால் படம் பத்து வினாடி சுருங்கிவிடும், ஒலி சுருங்காது. படம் முந்தி ஓட, ஒலி பின்னால் மூச்சிரைக்க வரும். படம் ஏன் தவறுகிறது? முப்பது வருடத்து நாடா எங்கோ இழுபட்டிருக்கும், எங்கோ சுருங்கியிருக்கும். ஒவ்வொரு வரியும் சரியான நொடியில் வந்து சேராது. பழைய பிக்சர் டியூப் டிவி தாராள மனம் படைத்தது. முன்னே பின்னே வந்தாலும் அனுசரித்துக்கொண்டு போகும், மேல் ஓரம் கொஞ்சம் வளையும், அவ்வளவுதான். இந்தக் குச்சியோ, ஒரு நிமிடம் பிந்தினால் ஜன்னலை மூடிவிடுகிற கவுண்டர் குமாஸ்தா. வரி பிந்தி வந்தால் அந்தப் படத்தையே தூக்கி எறிந்துவிட்டு அடுத்ததைக் கூப்பிடும்.

இதற்கு வைத்தியம் குச்சியை மாற்றுவது அல்ல. நானும் மாற்றிப் பார்த்தேன். ஒரே மாதிரி உறைக்குள் வெவ்வேறு சில்லுகளை வைத்து விற்கிறார்கள். கூட வருகிற குறுந்தகட்டில் உள்ள டிரைவர் மென்பொருள் அந்தச் சில்லுக்குப் பொருந்துவதில்லை. பொருந்தினாலும் இன்றைய மடிக்கணினியில் குறுந்தகடு போட இடம் இல்லை. மூன்றாவது குச்சியிலும் கெட்டிமேளம் பிந்தியே வந்தது. கடைசியில் ஏரலில் ஒரு நண்பர் வீட்டுப் பரணில் சவூதியிலிருந்து வந்த ஒரு பானாசோனிக் டிவிடி ரெக்கார்டர் கிடந்தது நினைவுக்கு வந்தது. அதில் எதையும் பதியவில்லை. டெக்குக்கும் குச்சிக்கும் நடுவில் சும்மா வைத்தேன். டெக்கின் வயர் அதற்குள் போகிறது, அதிலிருந்து வெளியே வருவது குச்சிக்குப் போகிறது. தள்ளாடி வருகிற வரிகளை அது தனக்குள் நிறுத்தி, வரிசைப்படுத்தி, ஒழுங்காக அனுப்புகிறது. ஒன்றே முக்கால் மணி நேரக் கேசட்டில் மூன்று படம் மட்டும் தவறியது. கெட்டிமேளம் கேட்ட பிறகு தாலி ஏறியது.

2003-இல் நானே ஒரு தடவை இந்த ஒலிப் பிசகில் ஏமாந்திருக்கிறேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அப்போது குச்சி கிடையாது. கணினியைத் திறந்து உள்ளே பலகையில் செருகும் டிவி ட்யூனர் அட்டை. படம் அட்டை வழியாகப் போகும். ஒலியோ ஒரு குட்டி வயர் வழியாகத் தனியாக ஒலி அட்டைக்குப் போகும். இரண்டு அட்டைக்கும் இரண்டு கடிகாரம். ஒரு மணி நேரம் கழித்து இரண்டும் ஒரே மணி சொல்லுமா? என் கடைச் சுவரில் இருந்த இரண்டு கடிகாரங்களே சொன்னதில்லை.

இனி டெக். அக்கா கேசட்டைக் கையில் வாங்கியதும் நான் செய்த முதல் வேலை, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தது. கேசட்டின் முகப்பில் இருக்கும் கண்ணாடிக்குள் நாடாச் சுருளின் பக்கவாட்டில் வெள்ளையாக, அப்பளத்தில் மாவு ஒட்டியதுபோல இருந்தால் அது பூஞ்சை. எங்கள் உப்புக் காற்றுக்கு இது சகஜம். அப்படியே டெக்கில் போட்டால் பூஞ்சை ஹெட்டில் ஏறும், அடுத்துப் போடுகிற நல்ல கேசட்டுக்கும் பரவும். அக்காவின் கேசட்டில் ஓரமாகக் கொஞ்சம் இருந்தது. முதுகில் ஐந்து திருகாணி. கழற்றி, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, வாசலில் உட்கார்ந்து துடைத்தேன். கேசட் கூட்டைப் பிரிக்கும்போது உள்ளே சின்னச் சுருள்வில் ஒன்று இருக்கும், அது பறந்துபோனால் அன்றைய பொழுது தரையில் தவழ்வதிலேயே போகும்.

டெக்கின் உள்ளே பளபளவென்று ஒரு டிரம் இருக்கும், சற்றுச் சாய்வாக. 62 மில்லிமீட்டர் குறுக்களவு. டெக் ஓடும்போது அது நிமிடத்துக்கு 1,500 தடவை சுற்றுகிறது, அதாவது வினாடிக்கு 25. அதன் விளிம்பில் எதிரும் புதிருமாக இரண்டு ஹெட். ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று ஒற்றை வரிகளையும் மற்றது இரட்டை வரிகளையும் நாடாவிலிருந்து வாசிக்கிறது. மேல் மூடியைக் கழற்றிவிட்டு ஓடவிட்டுப் பாருங்கள்; கேசட்டை உள்ளே தள்ளியதும் இரண்டு தூண்கள் நகர்ந்து வந்து நாடாவை இழுத்து டிரம்மின் மேல் சுற்றிவிடும், பெண்ணுக்குப் புடவை சுற்றுவதுபோல. ட்ராக்கிங், அதாவது ஹெட் நாடாவின் தடத்தில் பிசகாமல் ஓடுவது, சரியாக இருக்கும்போது அந்த டிரம்மிலிருந்து ஒரு சீரான இரைச்சல் வரும். அழுக்கேறினால் அந்தச் சுருதி மாறிவிடும். திரையைப் பார்க்காமலே சொல்லிவிடுவேன், ஆனால் அதை எழுதிக் காட்ட எனக்கு வரவில்லை.

துடைக்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த வெள்ளைத்தாளை டிரம்மின் மேல் லேசாகப் பிடித்துக்கொண்டு, மறுகையால் டிரம்மைச் சுற்ற வேண்டும். கை அசையக் கூடாது, டிரம்தான் அசைய வேண்டும். மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட்டின் நுனி உடைந்துவிடும், டெக் முடிந்தது. காது குடையும் பஞ்சுக் குச்சியும் கூடாது, அதன் இழை மாட்டி இழுக்கும். அவசரக்காரர்கள் கையில் எத்தனை நல்ல டெக் இப்படிப் போனது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் எல்லாம் கடைசியில் என்னிடம்தான் வந்தன.

வயர் இணைப்பைப் பற்றி இரண்டு விஷயம் போதும். டெக்கின் பின்னால் ஆன்டெனா சாக்கெட்டும் இருக்கும், ஏவி சாக்கெட்டும் இருக்கும். ஏவி சாக்கெட்டில்தான் மாட்ட வேண்டும். மஞ்சள் படத்துக்கு, வெள்ளையும் சிவப்பும் ஒலிக்கு. பழைய டெக் பலவற்றில் வெள்ளை மட்டும்தான் உண்டு, சிவப்பைத் தேடி அலைய வேண்டாம். இன்னொன்று, ஒலியில் “ம்ம்ம்” என்று ஒரு முனகல் வந்தால் டெக்கைத் திட்டாதீர்கள். டெக்கில் கேபிள் டிவி வயரும் மாட்டியிருந்தால் கழற்றுங்கள், மடிக்கணினியின் சார்ஜரையும் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். பெரும்பாலும் நின்றுவிடும். எர்த் ஒழுங்காக இல்லாத வீடுகளின் சாபக்கேடு இது.

கடிதம் எழுத வைத்த அந்த நான்கு பேரைப் பற்றி. ஒருவர் கொண்டுவந்தது வீடியோ கேசட்டே இல்லை, தாத்தாவின் பஜனைப் பாட்டு ஆடியோ கேசட். காபி கொடுத்து அனுப்பினேன். இரண்டாமவரிடம் 2004-இல் எடுத்த மினி டிவி (MiniDV) என்ற சின்னக் கேமரா நாடா, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. அதற்கு இந்தக் குச்சி வேண்டவே வேண்டாம். அதில் படம் ஏற்கெனவே எண்களாகத்தான் இருக்கிறது. ஃபயர்வயர் என்ற வயர் வழியாக அப்படியே கணினிக்குள் இறக்கினால் ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி, துளி இழப்பில்லை. குச்சியில் போட்டால் நல்ல பாலில் தண்ணீர் கலந்த கதை. மூன்றாமவர் ஒரு கடையில் சிறிய கறுப்புப் பெட்டி வாங்கி வந்திருந்தார். டெக்கின் ஏவியை எச்டிஎம்ஐ ஆக்குகிற பெட்டி என்று சொல்லிக் கொடுத்தார்களாம். அதன் தலையில் அம்புக்குறி மறுபக்கமாக இருந்தது: எச்டிஎம்ஐ-யை ஏவி ஆக்கும் பெட்டி! இரண்டும் அச்சு அசலாக ஒரே உருவம். வாங்கும்போது “உள்ளே எது, வெளியே எது” என்று கேட்டு வாங்குங்கள். சரியான பெட்டியே கிடைத்தாலும் நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன், அரைப் படங்களை அது தன் இஷ்டத்துக்கு ஒட்டிவிடும். அட்டையில் ‘4கே’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். கேசட்டில் குறுக்குவாக்கில் இருக்கிற நுணுக்கமே சுமார் 240 கோடு. சட்டியில் இல்லாதது அகப்பையை மாற்றினால் வந்துவிடுமா?

நான்காமவர் வேறு கேள்வி கேட்டார். செட்டாப் பாக்ஸிலிருந்து கிரிக்கெட்டைக் கணினியில் பதிய முயன்றால் திரை கறுப்பாகவே இருக்கிறதாம், குச்சி கெட்டுப்போனதா என்றார். கெடவில்லை. எச்டிஎம்ஐ வழியாக வரும் படத்துக்குப் பூட்டு உண்டு. பதிய விடக் கூடாது என்பதற்காகவே போட்ட பூட்டு. அந்த நாள் படக் கேசட்டுகள் சிலவற்றிலும் இப்படி ஒரு தந்திரம் செய்திருந்தார்கள், நகல் எடுத்தால் படம் வெளுத்தும் கறுத்தும் மூச்சு வாங்கும். அதோடு மல்லுக்கட்டும் வேலைக்கு நான் வருவதில்லை. என் கவலையெல்லாம் வேறெங்கும் பிரதி இல்லாத வீட்டுக் கேசட்டுகளைப் பற்றி.

கணினியைப் பொறுத்தவரை இடம்தான் பிரச்சினை. 720 புள்ளி அகலம், 576 வரி உயரம், புள்ளிக்கு இரண்டு பைட், வினாடிக்கு 25 படம். பெருக்கினால் வினாடிக்கு 2 கோடியே 7 லட்சம் பைட், மணிக்கு ஏறக்குறைய 75 ஜிபி. இழப்பில்லாமல் சுருக்கும் முறைகள் உண்டு, அதில் பாதிக்கும் கீழே வந்துவிடும். ஆனால் பழைய முறையில் ஃபார்மட் செய்த டிஸ்க்கில், அதாவது ஃபேட்32 என்பதில், ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது. எனக்கு முதல் தடவை பத்து நிமிடத்துக்குள் பதிவு நின்றுவிட்டது. மாப்பிள்ளை அழைப்புக்கார் மண்டபத்து வாசலுக்கு வரக்கூட இல்லை. நான் டெக்கைத் தட்டிக்கொண்டிருந்தேன். பேரன் வந்து, “தாத்தா, டிஸ்க்கை என்டிஎஃப்எஸ் ஆக்குங்கள்” என்று சொல்லிவிட்டுப் போனான். பெரிய கோப்பையும் ஏற்கிற ஃபார்மட் அது. ஒரு வார்த்தை அதிகம் பேசமாட்டான்.

படத்தின் அடியில் நாலைந்து வரி எப்போதும் கலங்கலாக ஆடும். இதைக் காட்டி “சரியாக எடுக்கவில்லை” என்று சண்டை போடுகிறவர்கள் உண்டு. ஒரு ஹெட்டிலிருந்து மறு ஹெட்டுக்கு மாறுகிற இடம் அது. அந்தக் காலத்திலும் இருந்தது. டிவியின் சட்டத்துக்குள் மறைந்திருந்ததால் யாரும் பார்க்கவில்லை.

சரி, இப்போது என் கோரிக்கை. உலகத்தில் கடைசியாக டெக் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையோடு நிறுத்திக்கொண்டது. யுனெஸ்கோ 2019-இல் காந்த நாடாக்களைப் பற்றி ஓர் எச்சரிக்கைத் திட்டமே அறிவித்தது. 2025 வாக்கில் இவற்றை ஓட்டும் கருவியும் உதிரியும் அருகிவிடும் என்பது காப்பகத்துறையினரின் கணிப்பு. என் மேசைக்கு அந்தக் கணிப்பு அப்படியே பலித்துவிட்டது. என்னிடம் மூன்று டெக் இருக்கிறது, ஓடுவது ஒன்றுதான். ஒன்றின் பெல்ட் பாகாக உருகிப் பல்சக்கரத்தில் ஒட்டிக்கொண்டது. இன்னொன்றை உதிரிக்காக அறுத்துத் தின்றுகொண்டிருக்கிறேன்.

இதே நேரத்தில் எங்கள் தெருவில் பழைய இரும்பு வாங்குகிறவரின் வண்டியில் மாதம் ஒரு டெக்காவது போகிறது. சென்ற மாதம் அந்த வண்டியை நிறுத்தி, ஹெட் தேயாத ஒரு டெக்கை எடைக்கே வாங்கினேன். அதற்குள் மழையில் நனைந்திருந்தது. மக்கள் கேசட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறார்கள், அதில் பிள்ளைகள் முகம் இருக்கிறதே. டெக்கை மட்டும் “இனி எதற்கு” என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். பெட்டியை வைத்துக்கொண்டு சாவியைக் கிணற்றில் போடுகிற வேலை.

அதனால் வாசகர்களிடம் கேட்கிறேன்: பரணில் டெக் இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். ஓடாவிட்டாலும் உதிரிக்காவது ஆகும். அரசிடமும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு மாவட்ட மைய நூலகத்திலும் ஒரு நல்ல டெக், நடுவில் வைக்க ஒரு ரெக்கார்டர், ஒரு கணினி, பழகிய ஒரு ஆள். கேசட்டுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய மெக்கானிக்குகள் இன்னும் ஊருக்கு இரண்டு பேராவது இருக்கிறோம். கற்றுக்கொடுக்கச் சம்பளம் கேட்க மாட்டோம், நல்ல காபி கேட்போம். தாங்கள் அடுத்த இணைப்பிதழில் ‘பத்து நிமிடம்’ என்பதற்கு ஒரு திருத்தம் போட்டாலும் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டிவி மெக்கானிக்,
தூத்துக்குடி.

பின்குறிப்பு: அக்காவின் கேசட்டில் கல்யாணம் முடிந்து, சில வினாடி புள்ளிமழை பெய்த பிறகு, சம்பந்தமே இல்லாத வேறொரு வீடு வருகிறது. வீடியோக்காரர் பழைய கேசட்டின் மேலேயே பதிந்திருக்கிறார். கடை அதை வெட்டிவிட்டது. நான் நாடா தீரும் வரை ஓடவிட்டதால் கிடைத்தது. பதினோரு நிமிடம். குழந்தையைத் தொட்டிலில் போடும் விசேஷம். வாசலில் வேப்பமரம், நடையில் பச்சைக் கதவு, சுவரில் 1990 என்று பெரிய எழுத்தில் நாட்காட்டி. சுங்குடிச் சேலை கட்டிய ஒரு பாட்டி தாலாட்டு பாடுகிறார், இரண்டாவது அடி மறந்துபோய் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கிறார், அவரும் மறந்துவிட்டார். கோவில்பட்டிப் பக்கத்து வீடாகத்தான் இருக்க வேண்டும். அந்தக் குழந்தைக்கு இப்போது முப்பத்தைந்து வயதாவது இருக்கும். அந்தப் பகுதியைத் தனிக் கோப்பாக வைத்திருக்கிறேன். வீட்டார் யாராவது இதைப் படித்தால் தங்கள் அலுவலகம் வழியாக எனக்குத் தகவல் சொல்லலாம்.